ஏலக்காய் எண்ணிச் சுற்றிய காயில்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். போடியில் என்னிடம் ரேடியோ பழுது பார்க்கக் கொடுத்த எல்லோருக்கும் இது தெரியும். "எப்ப ரெடியாகும்?" என்று யாராவது இரண்டாவது தடவை கேட்டால் போதும், "நீங்களே வந்து உக்காந்து பாருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுவேன். அப்படியும் சிலமலையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ரேடியோவைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேறு வழியில்லாமல் வந்தார்கள் என்பாள் என் மனைவி.

எண்பதுகளின் தொடக்கம். ஏலக்காய் கோடவுன்கள் இருக்கும் தெருவில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் வேலை பார்த்தேன். அறைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி பகலில் பக்கத்துக் கோடவுனில் ஏலக்காய் பொறுக்கப் போவாள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் மேலே மலையில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா அப்போதும் அங்கேதான் இருந்தார், தினமும் காட்டில் இறங்கி ஏலக்காய் எடுத்துக்கொண்டு. அத்தைக்கும் எனக்கும் எப்போதும் ஒரு வாய்த்தகராறு ஓடிக்கொண்டிருக்கும். மருமகன் என்ற மரியாதையில் "வாங்க, போங்க" எல்லாம் உண்டு. அந்த வாங்க போங்கவிலேயே ஆளைக் கவிழ்த்துவிடுவார். "எங்க மாப்பிள்ளை கெட்டிக்காரரு. ஓடுற ரேடியோவையும் பிரிச்சுப் போட்டுருவாரு" என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருடம் ஆனி மாதத்தில், கிராமியப் பாட்டு பதிவு செய்யும் வானொலிக்காரர்கள் ஜீப்பில் மலைக்கு வந்தார்கள். லயத்துப் பெண்களைப் பாடச் சொல்லி டேப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தையும் பாடினார். அடுத்த வாரமே இந்தச் செய்தியைச் சொல்வதற்காக பஸ் ஏறிக் கீழே வந்துவிட்டார்.

"ஒரு தடவை போட்டுக் காட்டுங்கய்யா, எப்படிப் பாடிருக்கேன்னு நான் கேக்க வேண்டாமான்னு கேட்டேன் மாப்ளே. மழை வருதும்மா, கீழ எறங்கணும்னு மூட்டையைக் கட்டிட்டாங்க. ரேடியோவுல போடுற அன்னைக்குக் கார்டு போடுறோம், அப்பக் கேட்டுக்கன்னுட்டாங்க. ஒரே ஒரு தடவைதான் போடுவாங்களாம்."

"என்ன பாட்டு அத்தே?"

"காய் எடுக்குறப்பப் பாடுறதுதான். எங்க ஆத்தா பாட்டு. அவ முன்னால பாடிக்கிட்டே போவா, நான் பின்னால கூடையைத் தூக்கிட்டு எதிர்ப்பாட்டுப் பாடுவேன். எனக்குப் பன்னெண்டு வயசுல போய்ச் சேந்துட்டா. மொகம் அப்படியே கண்ணுல நிக்குது மாப்ளே. குரலுதான் எம்புட்டு யோசிச்சாலும் வர மாட்டேங்குது." சொல்லிவிட்டு, அதே மூச்சில், "ஏ புள்ள, என்ன குழம்பு வச்சிருக்க, வாசமே இல்ல" என்று மகள் பக்கம் திரும்பிவிட்டார்.

என்னிடம் ஒரு டிரான்சிஸ்டர் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள் என்றேன். அத்தை அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதுல கேட்டா கொசு பாடுற மாதிரி இருக்கும். நான் என்ன கொசுவா? லயத்துல நாப்பது வீடு இருக்கு. நான் ரேடியோவுல வரப்போறேன்னு சொன்னா ஒருத்தி நம்பலை. அம்புட்டுப் பேரையும் உக்கார வச்சுக் கேக்கணும். தொரை பங்களாவுல இருந்த ஸ்பீக்கர் பொட்டி ரெண்டு கிளப்பு ரூம்புல ரேடியோ பக்கத்துல சும்மாதான் கெடக்கு. அதைச் சரி பண்ணிக் கொடுங்க." அது கேள்வி இல்லை. நான்கு நாளில் இரண்டு பெட்டிகளும் ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே வந்து இறங்கின.

பெரிய, கனமான, தேக்குப் பலகை அடித்த பெட்டிகள். வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போனவை. ஒவ்வொன்றிலும் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. பின்பலகையைக் கழற்றியதும் ஒரு கரப்பான் குடும்பம் வெளியேறியது. உள்ளே மூலையில் ஒரு சின்னப் பலகையில் கிராஸ்ஓவர் இருந்தது. காயில் என்கிற கம்பிச் சுருள் பச்சை பூத்திருந்தது. கண்டென்சர் ஒழுகிக் காய்ந்து பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

கிராஸ்ஓவர் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பக்கத்துக் கோடவுனில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டு ஆட்டுவார்கள். பருமன் மேலே நிற்கும், பொடிசு கீழே விழும். சத்தத்துக்கும் அப்படி ஒரு சல்லடை வேண்டும். தவில் சத்தம் பெரிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டும், ஜாலரா சத்தம் சின்னதுக்குப் போக வேண்டும். கம்பி சுற்றிய காயில் தவிலைப் பிடித்து அனுப்பும். கண்டென்சர் ஜாலராவைப் பிடித்து அனுப்பும். சல்லடைக் கண் எந்த அளவு என்பதில்தான் வித்தை இருக்கிறது.

பழைய அளவுப்படியே புதுக் காயில் சுற்றினேன். அந்த மாதிரி கண்டென்சர் நம் பக்கம் கிடைக்காது. ரேடியோவுக்குப் போடுகிற கண்டென்சரை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் பற்றவைத்தேன். சினிமாப் பாட்டு வைத்துப் பார்த்தபோது தவில் நெஞ்சில் இடித்தது. தெருவில் ஏலக்காய் மூட்டை தூக்கிப் போனவர்கள் மூட்டையோடு நின்று கேட்டார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தாள். ரேடியோவில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். இவள் வாசலிலேயே நின்று கேட்டாள். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"என்னங்க, ரெண்டு பேரு வாசிக்கிற மாதிரி இருக்கு?"

"ஒருத்தர்தான் வாசிக்கிறாங்க."

"பாதிப் பேச்சு பெரிசுலருந்து வருது, பாதி சின்னதுலருந்து வருது. சேலை கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போட்டா, ஒட்டு தெரியும்ல, அப்படித் தெரியுது."

"நீ ஏலக்காய் பொறுக்குற சோலியைப் பாரு. இதைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு எங்கம்மா குரலைப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். கோபத்தில் சாப்பிடாமல் படுப்பதில் ஒரே ஒரு கஷ்டம், பசிக்கும். அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பேன். கூப்பிடவில்லை.

காலையில் அவள் வேலைக்குப் போனபிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னது சரி. சல்லடைக் கண் சரியாகப் பெண் குரலின் நடுவில் விழுந்திருந்தது. ஒரு குரலை இரண்டாக அறுத்து இரண்டு ஸ்பீக்கருக்குப் பங்கு போட்டிருந்தது பழைய சல்லடை. மேனேஜர் வாத்திய இசை மட்டும் கேட்டாரோ என்னவோ, அவருக்கு அது உறைத்திருக்காது. அத்தை வாத்தியம் இல்லாமல் வெறும் குரலில் பாடியிருக்கிறார். அவருக்கு இது ஆகாது. அறுக்கிற இடத்தைக் குரலுக்குக் கீழே தள்ள வேண்டும், காயிலில் சுற்றைக் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று சொல்ல என்னிடம் மீட்டர் எதுவும் கிடையாது. சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டியதுதான். முதலில் நூற்று அறுபது சுற்று என்று வைத்துக்கொண்டேன்.

சமாதானம் பேசாமலே அன்று சாயங்காலம் அவளை உதவிக்குக் கூப்பிட்டேன். அவளும் ஒன்றும் நடக்காதது போல் வந்து உட்கார்ந்தாள். நான் மரக்கட்டையில் கம்பியைச் சுற்றிக்கொண்டு "பத்து" என்றதும் அவள் டப்பாவிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்து எங்கள் நடுவில் இருந்த தட்டில் போட வேண்டும். தட்டில் பதினாறு ஏலக்காய் சேர்ந்ததும் நான் நிறுத்த வேண்டும். கோடவுன் தெருவில் எதை எண்ணினாலும் ஏலக்காய் வைத்துத்தான் எண்ணுவோம்.

சுற்றிக்கொண்டே போனேன். அவ்வப்போது தட்டைப் பார்த்தேன். பதினாறு வந்ததும் நிறுத்தினேன். காயில் கையில் கனத்தது, நினைத்ததைவிடப் பருமனாகவும் இருந்தது.

"கணக்கு இடிக்குதே" என்றேன்.

"நான் இருபத்துமூணு வச்சேன்" என்றாள்.

"தட்டுல பதினாறுதானே இருக்கு?"

அவள் தட்டைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள். வாயில் ஒன்று மென்றுகொண்டிருந்தேன். பிள்ளைப் பிராயத்திலிருந்து உள்ள பழக்கம். ஒரு கை வேலையில் இருந்தால் மறு கை ஏலக்காயைத் தேடும். அவளுக்கு முதலில் சிரிப்பு வரவில்லை, விக்கல் வந்தது. பிறகு சுவரில் சாய்ந்து சிரித்தாள். "ஏழு உங்க வயித்துல இருக்கு" என்றாள்.

"பதினாறுக்கு மேல போகுதுன்னு தெரிஞ்சா அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"இன்னும் கொஞ்சம் சுத்தலாம்னு நெனச்சுட்டீங்களோன்னு இருந்தேன். கேட்டா எரிஞ்சு விழுவீங்க."

வாயில் ஏலக்காயை வைத்துக்கொண்டு கோபப்பட வரவில்லை. அவிழ்க்கப் போனவனைத் தடுத்து, "சுத்தியாச்சு, போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். இருநூற்று முப்பது சுற்றுக் காயிலை மாட்டினேன். அதற்கு ஈடாகக் கண்டென்சரையும் இரண்டு மடங்காக்கினேன். செய்தி நேரம் வரக் காத்திருந்தோம்.

ஒரே பெண் வாசித்தார். ஒட்டு இல்லை, கிழிசல் இல்லை. "இப்பப் பாருங்க, அந்தம்மா நம்ம வீட்டுல உக்காந்து பேசுறாங்க" என்றாள் மனைவி. தவில் முன்புபோல் இடிக்கவில்லைதான். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது பெட்டிக்குக் காயில் சுற்றும்போது ஏலக்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தக் கதையை அடுத்த பஸ்ஸிலேயே மலைக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். நாற்பது வீடும் சிரித்ததாம்.

ஆவணியில் பெட்டிகள் மேலே போயின. கார்டு ஐப்பசியில் வந்தது. வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு என்று எழுதியிருந்தது. அந்த வியாழன் காலை நானும் மனைவியும் பஸ் ஏறினோம். சால்ட்ரிங் அயர்ன், கொஞ்சம் ஈயம், கம்பி எல்லாம் பையில் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன். கண்டென்சர் எடுக்கவில்லை. புதிதாகப் போட்டதுதானே என்று ஒரு தைரியம்.

மலையில் நல்ல மழை. லயம் போய்ச் சேரும்போது மணி மூன்று. அத்தை புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கிளப்பு ரூமுக்குப் போனேன். ரேடியோ இருந்தது, பெட்டிகள் இல்லை.

"பொட்டி ஸ்டோருல இருக்கு" என்றார்கள்.

மழையிலேயே அங்கே ஓடினேன். ஸ்டோர் என்றால் ஏலக்காய் காயவைக்கிற கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய தகரக் குழாய்களில் உள்ளே சுற்றி வரும். ஈரக்காற்றை வெளியே தள்ளச் சுவரில் இரண்டு காற்றாடிகள் ஓடிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் அந்த மலையில் வேறெங்கும் எதுவும் காயாது. அதனால் வேட்டி, கம்பளி, பள்ளிக்கூட நோட்டு, தீப்பெட்டி, எது நமத்தாலும் ஸ்டோருக்குள் வைத்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டு அங்கே காய்ந்ததாம்.

ஸ்டோர்க்காரர் அத்தையைவிடப் பத்து வயது இளையவர். மலையாளம் கலந்த தமிழ் பேசுவார். என்னைப் பார்த்ததும் பெருமையாகக் கதவைத் திறந்தார். "வா தம்பி. சாரல் அடிச்சுப் பொட்டி நனைஞ்சுரக் கூடாதுன்னு ரெண்டு மாசமா பத்திரமா இங்க வச்சிருக்கேன். ஒரு பொட்டு ஈரம் இல்ல, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

பின்பலகையைக் கழற்றினேன். காயில் மேல் பூசிய மெழுகு உருகி ஓடியிருந்தது. கண்டென்சர்கள் வயிறு வீங்கி வெடித்துக் காய்ந்து கிடந்தன. அடுத்த பெட்டியும் அப்படித்தான். ஒன்றைக் கிளப்பு ரூமுக்குத் தூக்கிப் போய் ரேடியோவில் மாட்டிப் பார்த்தேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் ஒரு முனகல் வந்தது. சின்ன ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

ஸ்டோருக்குத் திரும்பி வந்து நான் கத்திய கத்தலில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது. "சட்டி பானையைக் காய வைக்கலாம், ரேடியோவைக் காய வைப்பாங்களா அண்ணே? எந்த ஊர்ல நடக்கும் இது?" என்று இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஸ்டோர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாவம், அவர் நல்லதுதான் நினைத்தார்.

சத்தம் கேட்டு அத்தை வந்தார். பெட்டியைப் பார்த்தார். நடந்தது என்ன என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதையாவது சொல்லி என்னை ஒரு வாங்கு வாங்குவார் என்று காத்திருந்தேன். வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க மாப்ளே. அவனைத் திட்டாதீங்க. நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றார். தலையிலிருந்த பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கீழே போய்க் கண்டென்சர் வாங்கி வர பஸ்ஸும் இல்லை, நேரமும் இல்லை.

மனைவி ஸ்டோர் வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டு ஃபேனு சுத்தாம நின்னப்ப ஒரு டப்பா மாத்துனீங்கள்ல?"

"ஆமா, அதுக்கு என்ன இப்ப?"

"அதுவும் கண்டென்சருன்னுதானே சொன்னீங்க?"

நானும் மேலே பார்த்தேன். இரண்டு காற்றாடிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் ஆளுக்கொரு கண்டென்சர். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய நான் போட்ட அளவு வரும். ஒரு பெட்டிக்குப் போதும். ஒரு குரல்தானே பாடப்போகிறது.

ஆனால் உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக் காய் கிடந்தது. காற்றாடி நின்றால் ஈரம் வெளியே போகாது, காய் வெந்து நிறம் மாறிவிடும். நிறம் போன ஏலக்காய்க்கு ஸ்டோர்க்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் முன்னால் அவரை அத்தனை பேச்சுப் பேசியவன், அவரிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்டேன்.

"எம்புட்டு நேரம் காத்தாடி நிக்கும்?" என்றார்.

"பாட்டு முடியுற வரைக்கும் அண்ணே."

அவர் காய்த் தட்டுகளைப் பார்த்தார். பிறகு அத்தை கையிலிருந்த பூவைப் பார்த்தார். "சாரமில்ல தம்பி, பரவால்ல. நான் அடுப்பைத் தணிச்சு, கதவைத் தொறந்து வச்சுச் சமாளிச்சுக்கிறேன். வெரசா கழட்டு" என்று ஏணியை அவரே கொண்டுவந்து போட்டார்.

பற்றவைத்து முடிக்கும்போது ஆறு இருபது. காயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, இருநூற்று முப்பது சுற்றும் அப்படியே இருந்தது. கிளப்பு ரூம் நிரம்பி, வராந்தாவில் ஆட்கள் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். திறந்து கிடந்த ஸ்டோரிலிருந்து சூடேறிய ஏலக்காய் வாசம் லயம் முழுக்கப் பரவியிருந்தது. முதலில் வேறு ஊர்ப் பாட்டுகள் வந்தன. பிறகு அறிவிப்பாளர் எங்கள் மலையைச் சொல்லி, அத்தை பெயரைச் சொன்னார். கூட்டம் ஓவென்று கத்தியது. அத்தை "சும்மா இருங்கடி" என்று ஒரு அதட்டல் போட்டார். பாட்டு வந்தது.

முழுசாக வந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால் நாக்குத் தட்டுவதுகூடக் கேட்டது. எல்லோரும் அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அதையே வெறித்துப் பார்த்தார். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. நான்தான் எதையோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்ன அத்தே, சரியா வரலையா?" என்று குனிந்து கேட்டேன். பேசாதே என்று கையைக் காட்டினார்.

இரண்டாவது அடியில் எதிர்ப்பாட்டு வரும் இடம் வந்தது. அத்தை வாய்க்குள்ளேயே, யாருக்கும் கேட்காமல், பெட்டியோடு சேர்ந்து எதிர்ப்பாட்டு பாடினார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. முழுக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

மூன்று நிமிடம்கூட இருக்காது. முடிந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் என்னைத் தொட்டதே கிடையாது.

"இது நானில்ல மாப்ளே" என்றார். "எங்க ஆத்தா. இதுதான் அவ குரலு."

மனைவி வந்து அம்மாவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். அதற்குள் வாசலில் ஸ்டோர்க்காரர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "தம்பி, பாட்டு முடிஞ்சுதுல்ல, காத்தாடி..." என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அத்தையும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை ஏலக்காயை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"இன்னொரு பொட்டி இருக்குல்ல மாப்ளே. அதையும் சரி பண்ணுங்க. மறந்துராம ஏழு தின்னுங்க."